சடை பின்னத் தெரியாத கை

"தல பின்ன ஆளில்ல, அதான் புள்ள இன்னைக்குப் பள்ளிக்கூடம் போகல."

எங்க மலைக்கிராமங்கள்ல இந்தக் காரணத்தை நான் பல தடவை கேட்டிருக்கேன். காய்ச்சல் கிடையாது, மழை கிடையாது, பஸ்ஸும் வந்துட்டுப் போயிருக்கும். சொல்றவர் புள்ளையோட அப்பா. சொல்றப்போ அவரோட ரெண்டு கையும் சும்மாத்தான் இருக்கும்.

நேரடியாவே சொல்லிடறேன். பெண் பிள்ளையைப் பெத்த ஒவ்வொரு ஆணும் சடை பின்னக் கத்துக்கணும். ஆசை இருந்தா கத்துக்கலாம்னு சொல்லல. மோட்டார் போட, மருந்தடிக்க, வண்டி ஓட்டக் கத்துக்கிட்ட மாதிரி கத்துக்கிட்டே ஆகணும்.

நகரத்துல இருந்து படிக்கிறவங்களுக்கு இது சின்ன விஷயமாத் தெரியலாம். கொடைக்கானல்னா உங்களுக்கு ஏரி, தூண் பாறை, சாக்லேட். அதைத் தாண்டி பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கிளாவரைன்னு போனீங்கன்னா பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும் விளையிற ஊர்கள். கீழ்மலையில தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பி, மிளகு, வாழை. களை எடுக்கிறது, பூண்டு பிடுங்குறது, காப்பிப் பழம் பறிக்கிறது எல்லாம் பெரும்பாலும் பெண்கள்தான். விடிஞ்சதும் ஜீப் வந்து நிக்கும், ஏறியாகணும். அதுக்கு முன்னாடி தண்ணி பிடிக்கணும், அடுப்பு மூட்டணும், மதியச் சோத்தைக் கட்டணும். வீட்ல ரெண்டு பொண்ணு இருந்தா நாலு சடை. மார்கழி, தையில உறைபனி விழுற காலையில, விறைச்சுப் போன விரலோட நாலு சடை.

2022ல அரசாங்கம் தொடக்கப் பள்ளிகள்ல காலை உணவுத் திட்டத்தை ஆரம்பிச்சது. மறு வருஷம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் அது வந்துச்சு. நல்ல காரியம், தாய்மாருக்கு ஒரு சுமை இறங்குச்சு. ஆனா அங்க போய்ச் சாப்பிடணும்னா புள்ள இன்னும் வெள்ளனக் கிளம்பணும், சடையும் வெள்ளனப் பின்னியாகணும். அரசாங்கம் உப்புமா கிண்டிப் போடலாம். தலை பின்னி விட முடியாது. அது வீட்டு வேலை. வீட்ல யார் செய்யறதுங்கறதுதான் கேள்வி.

மத்திய அரசு 2019ல ஒரு கணக்கெடுப்பு நடத்துச்சு. ஜனங்க ஒரு நாளை எப்படிச் செலவு பண்றாங்கன்னு பாத்த கணக்கு அது. 6 வயசுக்கு மேற்பட்ட பெண்கள்ல சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யறவங்க 81.2 சதவீதம். ஆண்கள்ல 26.1 சதவீதம். இதைத் தெரிஞ்சுக்க டில்லிக்குப் போக வேண்டாம். காலை ஏழு மணிக்கு எங்க ஊர் டீக்கடை பெஞ்சைப் பாத்தாலே போதும்.

பக்கத்து ஊர்ல ஒரு அம்மா, மாமியாருக்குத் துணையா அஞ்சு நாள் ஆஸ்பத்திரியில தங்க வேண்டியதாப் போச்சு. மூணாவது படிக்கிற மக ரெண்டு நாள் பள்ளிக்கூடம் போகல. மூணாவது நாள் அப்பா அவளை சலூனுக்குக் கூட்டிட்டுப் போயி கிராப் வெட்டி விட்டுட்டார். "இனிமே தொல்லை இல்ல"ன்னு சொன்னார். அந்தப் புள்ள ஒரு வாரம் மப்ளரை அவுக்கவே இல்ல. முடியை வெட்டிக்கிறது அவ ஆசைன்னா நாமளே கூட்டிட்டுப் போவோம். அப்பனுக்கு ஒரு வேலை தெரியாதுங்கறதுக்காக அவ ஏன் முடியை இழக்கணும்?

சரி, கைக்கு வருமா வராதா? எங்க ஊர் ஆம்பளைங்க கை என்னென்ன செய்யும்னு பாருங்க. மலைப்பூண்டைத் தாளோட கட்டாக் கட்டி, புகை படுற மாதிரி அடுப்புக்கு மேல தொங்க விடுவாங்க. அதை வடுகபட்டிச் சந்தைக்குக் கொண்டு போனா, தொட்டுப் பாத்தே தரம் சொல்ற கை இருக்கு. குதிரைக்குப் பாரம் கட்டுவாங்க, முப்புரிக் கயிறு திரிப்பாங்க. கயிறு திரிக்கிறது சடையை விடக் கஷ்டம். ஒவ்வொரு புரியையும் ஒரு பக்கமா முறுக்கி, எல்லாத்தையும் சேத்து எதிர்ப்பக்கமா முறுக்கினாத்தான் பிரியாம நிக்கும். சடையில முறுக்கே கிடையாது. ஓரத்துல இருக்கிறதை நடுவுக்குக் கொண்டு வரணும், வலது ஒண்ணு, இடது ஒண்ணு. அவ்வளவுதான். மூக்கணாங்கயிறு போட்ட கைக்கு ரிப்பன் கட்ட வராதாம்!

"பொம்பளப் புள்ள தலையில ஆம்பள கை வைக்கலாமா?"ன்னு அடுத்த கேள்வி வரும். குறிஞ்சி ஆண்டவர் கோவில்ல நின்னு பாருங்க, மேகம் இல்லாத நாள்ல கீழ பழனி தெரியும். அங்க முடி காணிக்கை கொடுக்கிற பெண்கள் தலையில கத்தி வைக்கிறவங்க பெரும்பாலும் ஆண்கள்தான். அம்மனுக்குச் சடை அலங்காரம் செஞ்சு குஞ்சலம் தொங்க விடறவர் ஆண் பூசாரி. அந்தக் கால நாடகத்துல ஸ்திரீபார்ட் போட்ட ஆண்கள் பின்னலும் கொண்டையுமாத்தான் மேடை ஏறினாங்க. கோவில்லயும் மேடையிலயும் சரியா இருக்கிற விஷயம், சொந்த மக தலைக்கு வந்தா மட்டும் ஆகாதா? இது வழக்கம் இல்லங்க, சோம்பேறித்தனம். வழக்கம்னு பேர் வச்சிருக்கோம்.

கத்துக்கிற வழியையும் சொல்லிடறேன். கட்டில் கால்ல மூணு சணல் கயித்தைக் கட்டி ராத்திரி அரை மணி நேரம் பின்னிப் பழகுங்க. பிறகு தலை. முடி நல்லாக் காஞ்சிருக்கணும், கொஞ்சமா எண்ணெய். சிக்கை நுனியில இருந்து எடுத்துட்டு மேல வாங்க. உச்சியில இருந்து சீப்பை இழுத்தா புள்ள அலறும். சீப்பு முனையால நெத்தியில இருந்து பிடரி வரைக்கும் நேர் வகிடு. ஒரு பக்கத்தை ஒதுக்கிக் கட்டிட்டு மறுபக்கத்தை மூணு சமபாகமாப் பிரிங்க. ஒவ்வொரு தடவை மாத்தினதும் லேசா இழுத்து விடுங்க, கையைத் தலையோட ஒட்டியே வச்சுக்கோங்க. தள்ளி வச்சா சடை தொளதொளன்னு ஆயிடும். பாதிக்கு மேல வந்ததும் ரிப்பனைச் சேத்துப் பின்னி, நுனியை மடிச்சு மேல கொண்டு வந்து காதுக்குப் பக்கத்துல முடி போடுங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் இருக்கட்டும், பாரக்கயிறு மாதிரி இறுக்காதீங்க. தினமும் அப்படி இழுத்துக் கட்டினா நெத்தி ஓரத்துல முடி கொட்டிப் போகும். பத்து நாள் பழகினா பத்து நிமிஷ வேலை.

பள்ளிக்கூடங்களுக்கும் ஒரு வார்த்தை. 2016ல கேரளாவுல குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம், இரட்டைச் சடை போடச் சொல்லி மாணவிகளைக் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. காலையில குளிச்ச ஈரம் காயறதுக்குள்ள கட்டினா முடி கெட்டுப் போகுதுன்னு ஒரு மாணவி புகார் கொடுத்திருந்தாங்க. நம்ம ஊர் வாத்தியார்களும் யோசிக்கணும். ஒத்தச் சடையோட வந்த புள்ளைய வாசல்ல நிறுத்தினா அது நாளைக்கு வராது. ஆனா விதியை எடுத்துட்டா மட்டும் அப்பன்மார் தப்பிக்க முடியாது. சடை இல்லாட்டியும் சிக்கு எடுக்கணும், பேன் பாக்கணும். யார் பாப்பா?

நகரத்து நண்பர்களே, உங்களையும் விடறதா இல்ல. அமெரிக்காவுல ஃபுளோரிடா பக்கம் ஒரு தகப்பன் 2015ல மத்த அப்பாக்களுக்குத் தலைவாரி விட வகுப்பு எடுத்தார். அந்த மாதிரி வீடியோவையெல்லாம் நீங்கதான் எனக்கு அனுப்பறீங்க. கூடவே நாலு சிவப்பு இதயம். ஒரு நாள் பின்னி விட்ட அப்பனுக்குப் பாராட்டு. வருஷம் முழுக்கப் பின்னுற அம்மாவுக்கு "இன்னும் டிபன் ரெடியாகலையா?"ன்னு ஒரு கேள்வி. உங்க வீட்லயும் ஜீப் வராட்டி ஆபீஸ் கேப் வருது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மகளுக்கு மட்டும் இல்ல, மகனுக்கும் சொல்லிக் கொடுங்க. தங்கச்சிக்குப் பின்னி விட்டுப் பழகின பையன், நாளைக்குத் தன் வீட்ல யாரும் கேக்காமலே சீப்பை எடுப்பான். சந்தைக்குப் போற நாளைக் கூட ஒரு நாள் தள்ளி வைக்கலாம். பள்ளிக்கூட மணி யாருக்காகவும் நிக்காது. புள்ள அதுக்குள்ள போயாகணும். அம்மா இருந்தாலும் போகணும், இல்லாட்டியும் போகணும்.