விசா வேண்டாம் என்றார்கள். வேலைக்கு வா என்றார்களா?



இந்தியர்களுக்கு மலேசியா விசா விலக்கு அளித்ததிலிருந்து நம் ஊர்களில் ஒரு பேச்சு அடிபடுகிறது. "பாஸ்போர்ட் இருக்குல்ல? டிக்கெட்டைப் போடு. அங்கே போய்ப் பார்த்துக்கலாம்!" டீக்கடையில் இதுதான் பேச்சு. கல்யாண வீட்டுப் பந்தியிலும் இதுதான் பேச்சு. வேலை இல்லாமல் வீட்டில் இருக்கும் பிள்ளையைப் பார்த்துப் பெரியவர்களே இதைச் சொல்கிறார்கள்.

போய் எதைப் பார்த்துக்கொள்வது? இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்கத்தான் இந்தக் கட்டுரை.

நம் பாட்டன்மார் காலம் வேறு. நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறினால் பினாங்கில் இறங்கலாம். அங்கே ஊர்க்காரர் ஒருவர் துறைமுகத்துக்கே வந்து அழைத்துப் போவார். மறுநாள் கடையில் நிற்கலாம். கூத்தாநல்லூருக்கும் கீழக்கரைக்கும் பினாங்கு பக்கத்துத் தெரு போல இருந்தது. 1985இல் 'சிதம்பரம்' கப்பல் தீப்பிடித்ததோடு அந்தக் கப்பல் பயணமும் முடிந்தது. கப்பல் போய்விட்டது, "போய்ப் பார்த்துக்கலாம்" என்ற பேச்சு மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது.

இன்று நடப்பது என்ன?

அறிவிப்பு சொன்னது என்ன?

2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் மலேசியாவுக்குள் வரலாம், 30 நாட்கள் வரை தங்கலாம் என்று அந்நாட்டு அரசு அறிவித்தது. பிறகு இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. அறிவிப்பு இவ்வளவுதான்.

இதில் 'சலுகை' என்ற சொல்லைக் கவனியுங்கள். இது நமக்குள்ள உரிமை அல்ல. நாளைக்கே நிபந்தனை மாறலாம். எனவே டிக்கெட் போடும் முன் அன்றைய நிலை என்ன என்று தூதரக அறிவிப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். போன வருடம் போய் வந்தவர் சொன்னார் என்று கிளம்பக் கூடாது.

விசா வேண்டாம் என்பதற்குக் கேள்வியே வேண்டாம் என்று பொருளல்ல. முன்பு இங்கே தூதரகத்தில் கேட்ட கேள்வியை இப்போது அங்கே விமான நிலையத்தில் கேட்கிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்! இங்கே மறுத்திருந்தால் விசாக் கட்டணத்தோடு போயிருக்கும். அங்கே மறுத்தால் டிக்கெட் பணம், போன மானம், வந்த கடன் எல்லாம் சேர்ந்து தலையில் விழும்.

போகிறவர் கையில் இருக்க வேண்டியவை:

* குறைந்தது ஆறு மாதம் செல்லத்தக்க பாஸ்போர்ட்.

* உறுதி செய்யப்பட்ட திரும்பும் டிக்கெட். காட்டிவிட்டு ரத்து செய்யும் டிக்கெட் அல்ல. உண்மையில் திரும்பி வரும் டிக்கெட்.

* தங்கும் இடத்துக்குச் சான்று. ஓட்டல் என்றால் பதிவுச் சீட்டு. உறவினர் வீடு என்றால் அவருடைய முழு முகவரி, தொலைபேசி எண்.

* தங்கும் நாட்களுக்குப் போதுமான பணம்.

* மலேசிய எண்ணியல் வருகை அட்டை. 2024 ஜனவரி 1 முதல் இது கட்டாயம். வந்து இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது. இதை நிரப்பித் தர ஆயிரக்கணக்கில் கேட்பவர் உங்கள் அறியாமைக்கு விலை வைக்கிறார் என்று அறிந்துகொள்ளுங்கள்.

இவை எல்லாம் இருந்தாலும் உள்ளே விடுவதும் விடாததும் எல்லை அதிகாரியின் முடிவு. 2025 முதல் இந்தப் பணிக்கென்றே தனி எல்லைக் கட்டுப்பாட்டு முகமையை மலேசியா ஏற்படுத்தியிருக்கிறது. சோதனை கூடுமே தவிரக் குறையாது.

வியாபாரிகளுக்கு இன்னொன்று. மலேசியாவுக்குப் போகும் வழியில் சிங்கப்பூரிலும் ஒரு நாள் சரக்குப் பார்த்து வரலாம் என்று திட்டமிடுகிறீர்களா? சிங்கப்பூருக்கு நாம் தனியே விசா எடுக்க வேண்டும். மலேசியச் சலுகை ஜொகூர் பாலத்தோடு முடிந்துவிடுகிறது.

அந்த இளைஞன்

ஓர் இளைஞனை எண்ணிப் பாருங்கள். வயது இருபத்திரண்டு. பாஸ்போர்ட் புதிது. ஏஜெண்டிடம் ஒன்றரை லட்சம் கட்டியிருக்கிறான். அதில் பாதி உம்மாவின் நகை, மீதி வட்டிக்கு வாங்கியது. "டூரிஸ்ட் என்று சொல்லி உள்ளே போய்விடு. பிறகு பெர்மிட் அடித்துத் தருகிறேன்" என்று ஏஜெண்ட் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

கோலாலம்பூர் விமான நிலையத்தில் அதிகாரி கேட்கிறார்: "எதற்காக வந்தாய்?" "சுற்றிப் பார்க்க." "எதைப் பார்க்கப் போகிறாய்?" பதில் இல்லை. "எங்கே தங்குகிறாய்?" சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டு. அந்த ஓட்டலுக்குப் போன் போட்டால் அப்படி ஒரு பதிவே இல்லை. "கையில் எவ்வளவு பணம்?" இருநூறு ரிங்கிட். பெட்டியைத் திறந்தால் நான்கு கைலி, ஊறுகாய் பாட்டில், சமையல் வேலை செய்ததற்கான சான்றிதழ்!

சுற்றிப் பார்க்க வந்தவன் சமையல் சான்றிதழை ஏன் கொண்டு வந்தான்? அதிகாரிக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. இளைஞனை ஓர் அறையில் உட்கார வைத்து அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். ஏஜெண்டின் போன் அணைந்து கிடக்கிறது.

இவன் கெட்டிக்காரத்தனமாகப் பதில் சொல்லி உள்ளே போய்விட்டான் என்றே வைத்துக்கொள்வோம். தப்பித்தானா? இல்லை. உண்மையில் அங்கேதான் மாட்டிக்கொள்கிறான். முப்பது நாள் முடிந்த மறுநாளே அவன் சட்டத்தின் முன் குற்றவாளி. அந்நாட்டுக் குடிநுழைவுச் சட்டத்தின்படி அனுமதித்த நாளுக்கு மேல் தங்குபவருக்குக் குறைந்தது 10,000 ரிங்கிட் அபராதம், அல்லது ஐந்து ஆண்டுகள் வரை சிறை, அல்லது இரண்டும்.

பாஸ்போர்ட் முதலாளி கையில். சம்பளம் முதலாளி கொடுத்தால் உண்டு. காய்ச்சல் வந்தால் மருத்துவமனைக்குப் போக பயம். தெருவில் போலீசைக் கண்டால் ஓட்டம். வாப்பா மௌத்தானாலும் ஊருக்கு வர முடியாது. சம்பளத்தைக் கேட்டால், "குடிநுழைவுத் துறைக்குப் போன் போடட்டுமா?" என்று மிரட்டல். இதற்காகவா உம்மாவின் நகையை விற்றீர்கள்?

"பொது மன்னிப்பு விடுவார்கள், அப்போது வந்துவிடலாம்" என்று சிலர் ஆறுதல் சொல்கிறார்கள். 2024 மார்ச் 1 முதல் டிசம்பர் 31 வரை அப்படி ஒரு திட்டம் இருந்தது உண்மை. 500 ரிங்கிட் அபராதம் கட்டி ஊர் திரும்ப வழி செய்தார்கள். ஆனால் அது திரும்பிப் போவதற்கான கதவு. தங்கி வேலை செய்வதற்கான கதவு அல்ல. எப்போது திறக்கும் என்று தெரியாத ஒரு கதவை நம்பி வாழ்க்கையை அடகு வைக்கலாமா?

மச்சான் கடைதானே!

இப்போது வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை. "வெளியாள் கடையா என்ன? மச்சான் கடைதானே! ஒரு மாதம் போய்க் கல்லாவில் உட்கார்ந்துவிட்டு வா" என்று மருமகனை அனுப்பி வைக்கிறோம்.

குறுகிய கால வருகை அனுமதியில் உறவினரைப் பார்க்கலாம். ஊர் சுற்றலாம். வியாபாரப் பேச்சு நடத்தலாம். கூட்டங்களில் கலந்துகொள்ளலாம். தொழிற்சாலையைப் பார்வையிடலாம். ஆனால் கல்லாவில் உட்கார்ந்தால் அது வேலை. சரக்கு எடுத்துக் கொடுத்தாலும் அது வேலை. சம்பளம் வாங்கவில்லை என்ற சமாதானம் சோதனைக்கு வந்தவரிடம் எடுபடாது.

மாட்டினால் மருமகன் மட்டும் மாட்டுவதில்லை. செல்லத்தக்க அனுமதி இல்லாதவரை வேலைக்கு வைக்கும் முதலாளிக்கு ஒரு நபருக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது அதே சட்டம். நாற்பது வருடம் உழைத்து உருவாக்கிய கடைக்கு ஒரு மாத உதவி வைக்கும் வேட்டு இது. உறவுக்கு நன்மை செய்வதாக நினைத்து உறவையே கோர்ட்டில் நிறுத்தலாமா?

நேர்வழி இருக்கிறது

வேலைக்குப் போகவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. போகிறவர் வேலை அனுமதியோடு போகட்டும் என்கிறோம். அங்குள்ள முதலாளி முதலில் அரசின் ஒப்புதலை வாங்க வேண்டும். நம்மவர்கள் 'காலிங் விசா' என்று சொல்வது அதைத்தான். அது வந்த பிறகே பயணம். பத்தாம் வகுப்பு தேறாதவரின் பாஸ்போர்ட்டில் பொதுவாகக் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும். அவர் மலேசியாவுக்கு வேலைக்குப் போக இந்திய அரசின் குடிபெயர்வோர் பாதுகாவலரிடம் அனுமதி பெற வேண்டும். பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். ஒன்றரை லட்சம் கேட்பவரிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள். அதை அரசின் இ-மைகிரேட் தளத்தில் சரிபாருங்கள். அந்த ஒரு கேள்வியிலேயே பலர் காணாமல் போய்விடுவார்கள்!

ஒருவர் செய்யும் தவறு, எல்லோர் மீதும் அடைக்கும் கதவு

"அவன் போனால் அவன் பாடு, நமக்கென்ன?" என்று இருந்துவிட முடியாது. ஈரானைப் பாருங்கள். 2024 பிப்ரவரியில் இந்தியச் சுற்றுலாப் பயணிகளுக்கு 15 நாட்கள் வரை விசா விலக்கு அளித்த நாடு அது. என்ன ஆயிற்று? வேலை வாங்கித் தருகிறோம், அந்த வழியாக வேறு நாட்டுக்கு அனுப்புகிறோம் என்று ஏஜெண்டுகள் ஆசை காட்டி ஆட்களை அங்கே கொண்டு போனார்கள். போனவர்களில் பலர் கடத்தப்பட்டார்கள். பணம் கேட்டு மிரட்டப்பட்டார்கள். 2025 நவம்பர் 22 முதல் அந்தச் சலுகை நிறுத்தப்பட்டது. நஷ்டம் யாருக்கு? ஏஜெண்டுக்கா? நேர்மையாகப் போய் வந்தவர்களுக்குத்தான்!

தாய்லாந்துக்கும் விசா இல்லாமல் போகலாம் என்று ஆனபோது, கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன இளைஞர்கள் எல்லை தாண்டி மியான்மருக்குள் கொண்டு செல்லப்பட்டு, இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டார்கள். 2025 மார்ச்சில் இரண்டே நாட்களில் 549 இந்தியர்களை மீட்டு விமானத்தில் கொண்டு வர வேண்டியிருந்தது. அவர்களும் "போய்ப் பார்த்துக்கலாம்" என்று போனவர்கள்தானே?

அரசையும் கேட்கிறோம். பதிவில்லாமல் ஆள் அனுப்புபவருக்கு 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் எழுதி வைத்த தண்டனை இரண்டு ஆண்டுகள் வரை சிறையும் 2,000 ரூபாய் வரை அபராதமும். லட்சக்கணக்கில் சுருட்டுபவருக்கு இரண்டாயிரம் ரூபாய் அபராதமா? அந்தச் சட்டத்தை மாற்றப் புதிய மசோதாவின் வரைவு 2025இல் வெளியானது. ஏழையின் பணத்தைத் தின்பவனுக்கு வலிக்கும்படியான தண்டனையை அதில் எழுதுங்கள் என்று நம் எம்.பி.க்களிடம் நாம் கேட்க வேண்டாமா?

அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். ஒவ்வொரு ஊரிலும் சபர் போய் வந்த அனுபவசாலிகள் இருக்கிறார்கள். ஜமாஅத் அலுவலகத்திலோ கடைத்தெருச் சங்கத்திலோ வாரத்தில் ஒரு நாள் உட்கார்ந்து, போகப் போகிறவரின் காகிதங்களைப் பார்த்து, "இது சுற்றுலா, இது வேலை" என்று பிரித்துச் சொன்னால் போதும். ஒரு குடும்பத்தின் நகை தப்பும்.

இளைஞர்களே! அதிகாரி கேட்கும் முன் உங்களையே ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்: "எதற்காகப் போகிறேன்?" அதற்கு உண்மையான பதில் ஒன்று இருந்து, அதே பதிலை உங்கள் காகிதங்களும் சொன்னால் தைரியமாகப் போய் வாருங்கள். உங்கள் வாய் ஒன்றும் பெட்டி வேறொன்றும் சொல்லுமானால், டிக்கெட் போடாதீர்கள்.

சிந்திப்பீர்!