களஞ்சியமும் உரக்கடையும்

ராஜகிரி அடிவாரத்து நெற்களஞ்சியத்தின் தடித்த சுவர்களுக்குள் நிற்கும்போது, 1690 முதல் 1698 வரை முகலாயப் படை செஞ்சிக் கோட்டையின் முன் காத்துக்கிடந்த கதையில் நெல்லுக்கும் பங்கு உண்டென்று புரிகிறது. நாயக்கர், பீஜப்பூர் சுல்தான், 1677இல் சிவாஜி, பின்னர் முகலாயர், நவாப், பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர் எனக் கொடிகள் மாறின. விளைந்த நெல்லைப் பற்றிய முடிவை மட்டும் எக்காலத்திலும் யாரோ தொலைவிலிருந்தே எடுத்தார்கள். அந்த நெல்லின் வழிவந்த மூட்டைகள்தாம் இன்று செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் வந்து இறங்குகின்றன; அந்த முடிவுகளின் வாரிசுகள் நாம்.

அப்படித் தொலைவில் எடுத்த இன்னொரு முடிவாக, அறுபதுகளின் பிற்பகுதியில் ஐ.ஆர். 8 என்ற நெல் ரகம் வந்தது, கூடவே யூரியாவும் பூச்சிமருந்தும் வந்தன. எழுபதுகளில் ஆசிய வயல்களெங்கும் புகையான் பெருகியது. தூரின் அடியில், தண்ணீருக்குச் சற்று மேலே, கூட்டங்கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் பழுப்புப் பூச்சி அது; பச்சை வயலின் நடுவே வட்டவட்டமாகப் பயிர் தீய்ந்துபோகும். அதைத் தின்னும் சிலந்திகளை மருந்து முதலில் கொன்றுவிட, அதிகம் அடித்த வயலில்தான் அது அதிகம் செழித்தது. 1986இல் இந்தோனேசியா நெல்லுக்கான 57 மருந்துகளைத் தடைசெய்து, உழவர்களுக்கு வயலிலேயே பூச்சியை இனங்காணவும் கற்றுக்கொடுத்தது. விளைச்சல் விழவில்லை.

நம் நாட்டில் சட்டம் சாவுக்குப் பின்னால்தான் நடந்து வந்திருக்கிறது. 1958இல் கேரளத்தில் பாரத்தியான் என்ற பூச்சிமருந்து கலந்த உணவால் நூறு பேருக்கு மேல் இறந்த பிறகு, 1968இல் பூச்சிக்கொல்லிச் சட்டம். எண்டோசல்பான் மருந்து தெளித்த காசர்கோட்டில் குழந்தைகள் ஊனத்தோடு பிறந்து வளர்ந்த பிறகு, 2011இல் அதற்கு உச்ச நீதிமன்றத் தடை. தற்கொலைகளைக் குறைக்க 2022இன் இறுதியில் தமிழக அரசு மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட ஆறு மருந்துகளை நிறுத்தியது, அதுவும் 60 நாளுக்கு. நிரந்தரத் தடை மத்திய அரசின் கையில் இருக்கிறது.

தடையை எப்படிச் செய்யலாம், எப்படிச் செய்யக்கூடாது என்ற இரண்டு பாடங்களையும் இலங்கை ஒரே மண்ணில் காட்டிவிட்டது. 1995 முதல் கொடிய மருந்துகளைப் படிப்படியாக விலக்கியது; தற்கொலைகள் பெருமளவு குறைந்தன, நெல் குறையவில்லை. 2021இல் உரத்தையும் மருந்தையும் ஒரே உத்தரவில் நிறுத்தியது. விளைச்சல் சரிந்து, அரிசியை இறக்குமதி செய்ய நேர்ந்தது. ஆக, தடையைக் குற்றம் சொல்கிறவர்கள் அந்த அவசரத்தையல்லவா சொல்ல வேண்டும்!

இங்கே செஞ்சியில், காய்ந்த தூர் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு உழவர் உரக்கடைக்குப் போகிறார். கடைக்காரர் அதைப் புரட்டிப் பார்த்து, ஒரு பாட்டிலை எடுத்துக் கடனில் எழுதிக்கொள்கிறார். அறுவடையில் கணக்குத் தீரும். பழைய மருந்தைத் தடைசெய்தால் அதே அலமாரியிலிருந்து விலை கூடிய இன்னொன்று வரும், கடனும் கூடும். தடை நிச்சயம் வேண்டும். அது வரும் பருவத்திலேயே, அந்தத் தூரை வயலில் வந்து பார்த்துச் சொல்லும் வேளாண் அலுவலரும், அறுவடைவரை பொறுக்கும் கூட்டுறவுக் கடனும் செஞ்சி வட்டத்துக் கிராமங்களுக்கு வந்து சேர வேண்டும்.