கிருமி கொன்னா ஒத்துக்க மாட்டோமா?

ஸ்பீல்பெர்க்கோட 'வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' (2005) படத்தைப் பத்தி யார்கிட்ட பேசினாலும் ஒரே புகார்தான் வரும். "முக்கால்வாசி படம் மிரட்டல். ஆனா கிளைமாக்ஸ் இருக்கே, சப்புனு போச்சு. உலகத்தையே அழிக்க வந்த ஏலியன் எல்லாம் ஜலதோஷம் பிடிச்சு செத்துச்சாம். ஹீரோ என்னத்துக்கு?"

கதை தெரியாம படம் பாக்கணும்னு இருக்கறவங்க இங்கயே நிறுத்திக்கலாம். ஆனா நாவல் புத்தகமா வந்தது 1898ல. இதுக்கு மேல ரகசியம் காப்பாத்த என்னால முடியாது.

என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிடறேன். அந்தப் படத்துல குறை இருக்கு, அதுக்கு அப்புறம் வரேன். ஆனா "கிருமி கொல்றதா, இதெல்லாம் ஒரு முடிவா"ங்கற குறை தப்பு. ஏலியன் கதைகள்லயே ஒரு டாக்டர் உக்காந்து தலையாட்டக்கூடிய முடிவு இது ஒண்ணுதான். அது நமக்கு ஏன் பிடிக்கலைங்கறதுதான் எனக்கு படத்தை விட சுவாரஸ்யமா இருக்கு.

"திடீர்னு கடைசி ரெண்டு நிமிஷத்துல கிருமியைக் கொண்டு வந்து முடிச்சிட்டாங்க"ன்னு சொல்றவங்க படத்தோட முதல் ரெண்டு நிமிஷத்தை திரும்பப் பாருங்க. மார்கன் ஃப்ரீமேன் குரல் ஓடும்போது திரையில என்ன காட்டறாங்க? ஒரு துளி தண்ணிக்குள்ள நெளியற நுண்ணுயிர். படமே அங்கதான் ஆரம்பிக்குது. நாவலும் அப்படித்தான். மைக்ராஸ்கோப்ல நாம ஒரு சொட்டுத் தண்ணியைப் பாக்கற மாதிரி செவ்வாய்க்காரன் நம்மைப் பாத்துட்டு இருக்கான்னு முதல் பக்கத்துலயே வெல்ஸ் எழுதிட்டாரு. கொலைகாரனை முதல் காட்சியிலயே நிக்க வெச்சாச்சு, நாமதான் பின்னணின்னு நினைச்சு கவனிக்கலை.

இன்னொரு இடம். டாம் க்ரூஸோட பொண்ணு ரேச்சல் கையில மரச்சிராய் குத்தியிருக்கும். அப்பா எடுத்து விடறேன்ம்பாரு, பொண்ணு விடமாட்டா. நேரம் வந்தா உடம்பே வெளிய தள்ளிடும்னு சொல்லுவா. முழுப்படத்தோட கதையையும் அந்தக் குழந்தை ஒரே வரியில சொல்லிடுது. (அந்த சீன்ல என் மண்டைக்குள்ள ஓடினது வேற: பாப்பாவுக்கு டெட்டனஸ் தடுப்பூசி போட்டாச்சா?) அதே பொண்ணுக்கு வேர்க்கடலை அலர்ஜின்னும் படத்துல வரும். உடம்பு அந்நியப் பொருளை எப்படி அடையாளம் கண்டுபிடிக்குது, எப்ப சரியா செய்யுது, எப்ப ஓவரா செய்யுதுன்னு படம் ஆரம்பத்துலயே ரெண்டு தடவை தொட்டுட்டுப் போகுது.

வெல்ஸ் இந்த முடிவை சோம்பேறித்தனமா பிடிச்சவர் இல்லை. அவர் உயிரியல் படிச்சவர். லண்டன்ல டி.ஹெச்.ஹக்ஸ்லிகிட்ட நேரடியா பாடம் கேட்டவர், 1893ல உயிரியல் பாடப்புத்தகமே எழுதினவர். அப்புறம் அந்தக் காலத்தைப் பாருங்க. காக் 1882ல காசநோய்க் கிருமியைக் கண்டுபிடிச்சாரு. 1894ல ஹாங்காங்ல யெர்சின் பிளேக் கிருமியைக் கண்டுபிடிச்சாரு. 1896ல பம்பாய்ல பிளேக். 1897 ஜனவரியில ஹாஃப்கின் தன் பிளேக் தடுப்பூசியைத் தனக்கே போட்டுப் பாத்தாரு. அதே வருஷம் ஆகஸ்ட் 20 அன்னிக்கு செகந்திராபாத்ல ரொனால்ட் ராஸ் கொசுவோட வயித்துல மலேரியா ஒட்டுண்ணியைப் பாத்தாரு. அந்த மாசம் இந்த நாவல் லண்டன்ல 'பியர்ஸன்ஸ் மேகஸின்'ல தொடரா வந்துட்டு இருந்துச்சு. கண்ணுக்குத் தெரியாத ஒண்ணுதான் சாம்ராஜ்யங்களை விட பெருசுன்னு உலகம் அப்பதான் கத்துக்கிட்டு இருந்த நேரம். பென்சிலினுக்கு இன்னும் முப்பது வருஷம் இருக்கு.

அது மட்டும் இல்லை. நாவலோட முதல் அத்தியாயத்துலயே டாஸ்மேனியாவுல ஐரோப்பியர்கள் பண்ண அழிவை வெல்ஸ் பேரு சொல்லி எழுதறாரு. செவ்வாய்க்காரன் இங்கிலாந்துக்கு என்ன பண்றானோ அதை இங்கிலாந்து ஏற்கனவே பண்ணிடுச்சுங்கறது அவரோட குத்தல். 1520ல மெக்ஸிகோவுல வந்தவனோட அம்மை இருந்தவனைக் கொன்னுச்சு. 1802ல ஹைத்தியில தலைகீழ்: அடிமைகளை மறுபடி அடக்க நெப்போலியன் அனுப்பின படை மஞ்சள் காய்ச்சல்ல சரிஞ்சுது. தளபதி லெக்லெர்க், நெப்போலியனோட மச்சினர், அவரும் அதுலதான் போனாரு. படையெடுப்புல கிருமி எந்தப் பக்கம் நிக்கும்கறது வரலாற்றுல நிஜமாவே முடிவைத் தீர்மானிச்ச விஷயம். வெல்ஸ் அதைத் தூக்கி லண்டன் நடுவுல வெச்சாரு, அவ்வளவுதான்.

சரி, "நம்ம ஊர் கிருமி வேற்றுகிரகத்து உடம்புல எப்படி வளரும்?"னு ஒரு கேள்வி வரும். இது நல்ல கேள்வி. வாழைக்கு வர்ற முடிக்கொத்து நோய் வைரஸ் வாழைப்பழம் சாப்பிடற நமக்கு வராது. வைரஸுக்கு நம்ம செல்லுல சரியான பூட்டு இருக்கணும், அதுகிட்ட சரியான சாவி இருக்கணும். அதனால ஏலியனுக்கு ஜலதோஷமோ டெங்குவோ வர்றது சந்தேகம்தான்.

ஆனா எல்லாக் கிருமியும் சாவியோட வர்ற திருடன் இல்லை. மண்ணுலயும் காத்துலயும் அழுகின இலையிலயும் இருக்கற பாக்டீரியா, பூஞ்சை எல்லாம் கிடைச்சதைத் தின்னும். 2021ல கருப்புப் பூஞ்சை பாத்தோமே, அது ஒண்ணும் புதுசா வந்த கிருமி இல்லை. தினமும் நாம மூச்சுல இழுக்கற பூஞ்சைதான். சர்க்கரை எக்குத்தப்பா ஏறி, ஸ்டீராய்டும் சேர்ந்து, காவல் தளர்ந்த உடம்பு கிடைச்சதும் கண்ணு வரைக்கும் போச்சு. காவலே இல்லாத உடம்புன்னா என்ன ஆகும்? அமெரிக்காவுல டேவிட் வெட்டர்னு ஒரு பையன், 1971ல பிறந்தவன். பிறவியிலயே எதிர்ப்புசக்தி இல்லை. பிளாஸ்டிக் கூண்டுக்குள்ளயே பன்னிரண்டு வயசு வரைக்கும் வளர்ந்தான். அக்காவோட எலும்பு மஜ்ஜையை அவனுக்கு வெச்சப்ப, அதுல பரிசோதனையில தெரியாம ஒளிஞ்சிருந்த ஒரு சாதாரண வைரஸ் அவனுக்குப் புற்றுநோயை உண்டாக்கி 1984ல ஆளையே கொண்டு போயிடுச்சு. நம்மள்ல பெரும்பாலானவங்க உடம்புல அதே வைரஸ் சத்தமில்லாம குடியிருக்கு.

வெல்ஸோட செவ்வாய்க்காரங்க கிட்டத்தட்ட அந்தப் பையன் நிலைமையிலதான் கூண்டை விட்டு வெளிய வராங்க. அவங்க கிரகத்துல நுண்ணுயிரே தோணலை, இல்லை சுகாதார விஞ்ஞானத்தால எப்பவோ ஒழிச்சுட்டாங்கன்னு அவரே காரணம் வெச்சிருக்காரு. போதாக்குறைக்கு அவங்க சாப்பாடு என்ன தெரியுமா? வயிறு குடல் ஒண்ணும் கிடையாது. உயிரோட இருக்கற மனுஷன் ரத்தத்தை எடுத்து நேரா தன் நரம்புல ஏத்திக்குவாங்க. ரத்த வகையையே லேண்ட்ஸ்டைனர் 1901லதான் வெளியிட்டாரு. ஸ்க்ரீனிங் கிடையாது, கிராஸ் மேட்சிங் கிடையாது, யார் ரத்தம்னு விசாரணை கூட கிடையாது. எங்க பிளட் பேங்க் கவுன்சிலர் இதைப் படிச்சா மயங்கி விழுந்துடுவாங்க. என்னைக் கேட்டா, அவங்க ரெண்டு மூணு வாரம் தாக்குப்பிடிச்சதுதான் நம்ப முடியாத சயின்ஸ் ஃபிக்‌ஷன்.

இப்ப படத்தோட நிஜமான குறைக்கு வரேன். நாவல்ல அவங்க செவ்வாயிலருந்து உருளைகள்ல அப்பதான் வந்து இறங்கறாங்க. ஸ்பீல்பெர்க் இதை மாத்தி, மெஷினை எல்லாம் மனுஷன் வர்றதுக்கு முன்னாடியே பூமிக்கடியில புதைச்சு வெச்சிருந்ததா காட்டினாரு. அந்த மாத்தம்தான் முடிவோட காலை உடைச்சுது. ஏற்கனவே ஒரு தடவை வந்து குழி தோண்டிப் புதைச்சுட்டுப் போனவனுக்கு இங்க கிருமி இருக்குன்னு தெரியாதான்னு ஒருத்தர் கேட்டா என்கிட்ட பதில் இல்லை. அப்புறம் அந்த மகன் ராபி. ஒரு மலையே தீப்பிடிச்சு எரியறப்ப உள்ள ஓடினவன் கடைசியில பாஸ்டன்ல பாட்டி வீட்டு வாசல்ல நிக்கறான். அதுக்கு நீங்க தியேட்டர்ல கத்தியிருந்தா நானும் கூட சேர்ந்து கத்துவேன்.

ஆனா மக்களோட ஏமாற்றம் இந்த லாஜிக் ஓட்டையில இல்லைங்கறது என் அபிப்ராயம். இதே கிருமி ஐடியாவை 1996ல 'இண்டிபெண்டன்ஸ் டே' எடுத்துச்சு. அதுல கம்ப்யூட்டர் வைரஸ். வேற்றுகிரகத்துக் கப்பல்ல நம்ம லேப்டாப் எப்படிங்க பேசும்? ஓட்டைன்னா அதுதான் ஓட்டை. யாராவது மனசு உடைஞ்சாங்களா? ஜெஃப் கோல்ட்ப்ளம் டைப் பண்ணாரு, வில் ஸ்மித் ஓட்டிட்டுப் போனாரு, உலகமே கைதட்டுச்சு. ஏன்னா வைரஸைப் போட்டது ஒரு ஆள்.

1953ல வந்த பழைய 'வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' இன்னும் தெளிவு. அணுகுண்டு போட்டும் ஒண்ணும் ஆகலை. ஜனங்க எல்லாம் சர்ச்ல கூடி ஜெபம் பண்ணிட்டு இருக்காங்க, வாசல்ல மெஷின் வந்து விழுது. கொன்னது அங்கயும் கிருமிதான். ஆனா நன்றி சொல்ல ஒரு முகவரி கொடுத்து அனுப்பிட்டாங்க. ஸ்பீல்பெர்க் படத்துல அந்த முகவரி இல்லை. டாம் க்ரூஸ் கையெறி குண்டு போட்டு ஒரு மெஷினைச் சாய்க்கற சீன் இருக்கே, அங்க எல்லாருக்கும் உற்சாகம். மிச்சம் கிருமியால விழறப்ப, ஏமாத்திட்டாங்கன்னு கோவம்.

இந்தக் கோவம் எனக்கு ரொம்ப பழக்கம்ங்க. வாரத்துக்கு ஆறு நாள் ஓபில பாக்கறேன்.

மூக்கு ஒழுகுது, தொண்டை கரகரங்குது, ரெண்டு நாள் காய்ச்சல். பரிசோதிச்சுட்டு, "வைரஸ்தான், பாரசிட்டமால் போதும், நல்லா தண்ணி குடிங்க, அஞ்சு நாள்ல சரியாயிடும், மூச்சு வாங்கினாலோ சோர்ந்து விழுந்தாலோ உடனே வாங்க"ன்னா முகம் மாறிடும். "ஊசி இல்லையா சார்? ஆண்டிபயாட்டிக்காவது எழுதுங்களேன்." வைரஸுக்கு ஆண்டிபயாட்டிக் வேலை செய்யாதுன்னு சொன்னா, வெளிய போய் மெடிக்கல்ல கேட்டு ரெண்டு நாளைக்கு வாங்கிப் போட்டுக்கறவங்க உண்டு. மூணாவது நாள் காய்ச்சல் விடும். அது விட வேண்டிய நாள். பேரு அந்த மாத்திரைக்கு.

டெங்குவுல இன்னும் மோசம். அந்த வைரஸைக் கொல்ல எங்ககிட்ட மருந்து கிடையாது. நாங்க செய்யறது ரத்தம் கெட்டியாகுதா, பிரஷர் இறங்குதான்னு மணிக்கணக்கா பாத்து, அளந்து திரவம் ஏத்தறது. முக்கியமா காய்ச்சல் விடற சமயத்துல, ஏன்னா ஆபத்து அப்பதான். வைரஸை விரட்டற வேலையை அந்த ஆளோட உடம்பே செய்யுது, அது செஞ்சு முடிக்கற வரைக்கும் ஆளைத் தாங்கிப் பிடிக்கறோம். தட்டணு ஏறினதும் சொந்தக்காரங்க சொல்லுவாங்க, "பப்பாளி இலைச் சாறு குடுத்தோம் டாக்டர், கப்புனு ஏறிடுச்சு." ஏற்கனவே ஏறற வழியிலதான் இருந்துச்சு. ராத்திரி பூரா பக்கத்துல நின்னு பிபி பாத்த நர்ஸம்மா பேரு கூட அந்தக் கதையில வராது, எதிர்ப்புசக்தி எங்க வரப்போகுது.

உடனே "அப்ப மருந்தே வேண்டாமா, உடம்பே பாத்துக்குமா"ன்னு இந்தத் திரெட்டை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து தடுப்பூசி எதிர்ப்பு குரூப்ல போட ஒருத்தர் தயாரா இருப்பார், தெரியும். அவருக்கும் வெல்ஸ்லயே பதில் இருக்கு. மனுஷனுக்கு இந்த எதிர்ப்புசக்தி சும்மா வந்துச்சுன்னு அவர் எழுதலை. தலைமுறை தலைமுறையா கணக்கில்லாத சாவைக் கொடுத்து வாங்கினதுன்னு எழுதறாரு. "இயற்கையான இம்யூனிட்டி"யோட விலைப்பட்டியல் அதுதான். பெரும்பாலும் குழந்தைகள் கட்டின விலை. அந்த விலையைக் கட்டாம அதே பாதுகாப்பை வாங்கத்தான் தடுப்பூசி. எதிர்ப்புசக்தி மட்டும் போதும்னா பெரியம்மை ஆயிரக்கணக்கான வருஷம் ஓடியிருக்காது. 1980ல அது ஒழிஞ்சுதுன்னு அறிவிக்க ஊசி தேவைப்பட்டுச்சு. அதே மாதிரி நிமோனியா, டைபாய்டு, ஸ்க்ரப் டைபஸுக்கு சரியான ஆண்டிபயாட்டிக் சரியான நேரத்துல உயிர் காக்கும். அது அன்னிக்கு வேலை செய்யணும்னுதான் சளிக்கு எழுத மாட்டேங்கறோம்.

படத்தை மறுபடி பாக்கறதா இருந்தா கடைசி கால் மணி நேரத்துல ஒரு விஷயத்தைக் கவனிங்க. ஏலியன்கள் பரப்பின சிவப்புக் களை உலகம் பூரா ரத்தம் மாதிரி படர்ந்திருக்கும். பாஸ்டனுக்குள்ள நுழையும்போது டாம் க்ரூஸ் ஒரு சிலை மேல படர்ந்த களையைத் தொடுவாரு. வெளுத்துப் போய் கையில பொடிப்பொடியா உதிரும். நாவல்லயும் முதல்ல சாகறது அந்தக் களைதான், பாக்டீரியா தாக்கி. அதுக்கு அப்புறம்தான் மெஷின் மேல பறவைகள் உக்காரும்.  அந்த நேரத்துல ஜெயிச்சாச்சு, அங்க இருக்கற யாருக்கும் தெரியலை.