ரன்னிங் ப்ளவுஸுக்கு ஒரு கும்பிடு

சேலையின் கோடியில் ஒட்டிக்கொண்டு 80 சென்டிமீட்டர் துணி ஒன்று வருகிறதே, "ரன்னிங் ப்ளவுஸ் இருக்கும்மா" என்று கடைப்பையன் பெருமையாகப் பிரித்துக் காட்டுவானே, அதோடுதான் இன்றைக்கு என் சண்டை. அதை வெட்டிக்கொண்டுபோய் டெய்லரிடம் கொடுக்கிற வழக்கத்தை நம் வயதுப் பெண்களாவது விட்டுவிட வேண்டும் என்பது என் கட்சி. விட்டால் மட்டும் போதாது. வீட்டு மூலையில் உறை போட்டு மூடி, மேலே ரிமோட்டும் மாத்திரை டப்பாவும் வைக்கிற ஸ்டாண்டாக ஆகிவிட்ட தையல் மெஷினைத் திறந்து, நமக்கு வேண்டிய உடுப்பை நாமே தைத்துக்கொள்ள வேண்டும். அதுவும் ஒவ்வொன்றாக இல்லை, ஒரு தொகுப்பாக.

"ஆரம்பிச்சிட்டாங்கய்யா" என்று சிரிப்பவர்கள் முதலில் கணக்கைப் பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும். அரசாங்கத்தில் கணக்குப் பிரிவிலேயே உட்கார்ந்து உதவியாளராக ஓய்வு பெற்றவள் நான். கூட்டிப் பார்க்காமல் எதையும் சொல்ல மாட்டேன்.

வெளியே கட்டிக்கொண்டு போகிற சேலை உங்களிடம் 12 இருக்கிறது என்று வையுங்கள். ஒட்டு வந்த துணியிலேயே தைத்தால் 12 ரவிக்கை. எங்கள் மேற்குத் தாம்பரம் பக்கம் லைனிங் வைத்த ரவிக்கைக்கு 600 ரூபாய் கூலி கேட்கிறார்கள். ஆக 7,200 ரூபாய். இவ்வளவு செலவழித்தும் உங்களுக்குக் கிடைப்பது 12 ஜோடி மட்டும். அதிலும் ஒரு ரவிக்கை பிடித்துப்போனால் அந்தச் சேலை பீரோவுக்குள் ஆயுள் கைதி. ரவிக்கை கிழிந்ததால் கட்டாமல் கிடக்கிற நல்ல சேலை எத்தனை வீட்டில் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். என் நாத்தனார் பீரோவில் மட்டும் ஒன்பது.

இப்போது என் கணக்கு. கறுப்பு, அரக்கு, கடுகு மஞ்சள், பாட்டில் பச்சை, சந்தனம் என்று ஐந்தே ரவிக்கை. டூ பை டூ ரூபியா வெட்டுத்துணி மீட்டர் 200 ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஆயிரம் ரூபாயில் ஐந்துக்கும் துணி வந்தாயிற்று. 12 சேலைக்கு 5 ரவிக்கை, பெருக்கினால் 60 ஜோடி. சேராது என்று பாதியைத் தள்ளுங்கள், 30 மிச்சம். கறுப்பை நல்ல நாளில் போடக்கூடாது என்பவர்கள் இன்னும் நாலைந்தைத் தள்ளிக்கொள்ளுங்கள். அப்போதும் 12-க்கு இரண்டு மடங்கு இருக்கிறது.

இது நான் கண்டுபிடித்த புதுமை இல்லை. காஞ்சிபுரத்தின் கோர்வைச் சேலையைப் பாருங்கள். உடல் ஒரு நிறம், கரை இன்னொரு நிறம். இரண்டையும் தனித்தனி நாடாவால் ஓட்டி, சேரும் இடத்தில் இழையைக் கோர்த்து நெய்கிறார்கள். பழைய தறியில் அதற்கு உதவிக்கு ஒரு கை கூடவே உட்கார வேண்டும். மாறுபட்ட நிறம்தான் அழகு என்று அவ்வளவு பாடுபட்டு நெய்த ஊர் இது. அந்தக் கரையின் நிறத்தில் ரவிக்கை போடுவதுதான் நம் அம்மாக்களின் வழக்கம். 1970-களில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது வாங்கிய நூல் சேலைகள் ஐந்தரை மீட்டரோடு முடிந்துவிடும். ரவிக்கைக்குத் தனியாகத்தான் துணி எடுப்போம். அரக்கு ரவிக்கை ஒன்று இருந்தால், அடுத்த சேலை வாங்கும்போது அரக்குக் கரையாகப் பார்ப்போம். ரவிக்கையைப் பார்த்துச் சேலை எடுத்த காலம் அது. இப்போது தலைகீழ். சேலையே தன் ரவிக்கையைக் கூட்டிக்கொண்டு வருகிறது, மருமகள் சீரோடு வருகிற மாதிரி. அதைத் தைக்காமல் விட்டால் என்னவோ நஷ்டம் என்று நமக்கும் தோன்றிவிடுகிறது.

சரி, அந்த ஒட்டுத் துணியை என்ன செய்வது? வெட்டி எடுத்து வையுங்கள். அந்தச் சேலைக்கு மட்டும் தைக்காதீர்கள். வேறு சேலைக்குத் தையுங்கள்!

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவள். 'ப்ரவே' பரீட்சை வரைக்கும். வாரத்தில் ஒரு பாடவேளை தையலுக்கு உண்டு. 'மசேர்' என்று நாங்கள் கூப்பிடுகிற கன்னியாஸ்திரீ, ஓரம் மடித்துத் தைக்கவே ஒரு வருஷம் பழக்குவார். அந்த மொழியில் தையற்காரருக்கு உள்ள 'தாய்யேர்' என்ற சொல் வெட்டுதல் என்ற வினையிலிருந்து வந்தது. ஆங்கிலத்து 'டெய்லர்' அதற்குத் தங்கை. நாம் தையல் என்று ஊசியை வைத்துப் பெயரிட்டோம், அவர்கள் கத்தரிக்கோலை வைத்துப் பெயரிட்டார்கள். தைத்துப் பழகியவர்களுக்கு இதில் யார் கட்சி சரி என்று தெரியும். கோணலாகத் தைத்ததைப் பிரித்துவிடலாம், கோணலாக வெட்டியதை என்ன செய்ய முடியும்? இன்னொன்று. வெட்டுவதற்கு வைக்கிற காகித மாதிரிக்கு பிரெஞ்சில் 'பத்ரோன்' என்று பெயர். முதலாளிக்கும் அதே சொல்தான். ஒன்றோடொன்று சேரும்படி அமைந்த உடுப்புக்கு 'ஆன்சாம்பிள்', அதாவது 'சேர்ந்து'. இந்த மூன்று சொல்லுக்குள் நான் சொல்லவந்த வேலை முழுவதும் இருக்கிறது.

அதனால் முதலில் பத்ரோன். உங்களுக்குச் சரியாக உட்காருகிற பழைய ரவிக்கை ஒன்றைத் தையல் தையலாகப் பிரித்து, பழுப்புக் காகிதத்தில் வைத்து வரைந்துகொள்ளுங்கள். ஐந்து துணியையும் முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, இஸ்திரி போட்டுவிட வேண்டும். நூல் துணி சுருங்குவது வெட்டுவதற்கு முன்னால் சுருங்கட்டும். பாவு ஓடும் திசை எது, ஊடை எது என்று பார்த்து, கை நீளம் பாவின் திசையில் வரும்படி காகிதத்தை வையுங்கள். ஐந்தையும் ஒரே நாளில் வெட்டுங்கள். கறுப்பு, அரக்கு, பச்சை மூன்றையும் அடுத்தடுத்துத் தையுங்கள், பிறகு வெளிர் நிறம் இரண்டு. பாபினை அடிக்கடி மாற்ற வேண்டாம். ஹூக் வைப்பது டிவி சீரியல் நேரத்துக்கு. இந்த ஐந்தோடு கறுப்பு, அரக்கு, வெள்ளை என்று மூன்று உள்பாவாடை. தொகுப்பு முடிந்தது. துணிக்கு தாம்பரம் கடைகளே போதும். ஆசை இருந்தால் மின்சார ரயிலில் கடற்கரை ஸ்டேஷன் வரை போய் கோடவுன் தெருவில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வாருங்கள்.

பணக் கணக்கை விடுங்கள். நான் இதற்காக மல்லுக்கு நிற்பதற்கு உண்மைக் காரணம் நம் உடம்பு. கடையில் 38 என்று ஒரு அளவு, 40 என்று ஒரு அளவு. எழுபது தாண்டிய உடம்பு இந்த இரண்டிலும் இல்லை. ஒரு தோள் இறங்கியிருக்கிறது. கூன் விழுந்ததால் முதுகுப் பக்கம் நீளம் கூடி, முன்பக்கம் குறைந்திருக்கிறது. ரெடிமேட் ரவிக்கை பின்னால் தூக்கிக்கொண்டு நிற்பதும் முன்னால் தொளதொளப்பதும் அதனால்தான். வீட்டில் வெட்டினால் பின்துண்டை முக்கால் அங்குலம் நீட்டி, முன்துண்டைக் கொஞ்சம் பிடிக்கலாம். தோள் இறுகிப்போனவர்களால் முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோக முடியாது. அவர்களுக்கு பின் ஹூக் ஒரு தண்டனை. முன்னால் வையுங்கள், விரல் மூட்டு வலி உள்ளவர்கள் பெரிய ஹூக்காக வையுங்கள். கையின் சுற்றளவைத் தாராளமாக விடுங்கள். பி.பி. பார்க்க வருகிற நர்ஸ் நம் ரவிக்கைக் கையை ஏற்ற முடியாமல் தவிப்பதும், நாம் கூச்சத்தில் நெளிவதும் எத்தனை தடவை! துணியின் உள்ளே இரண்டு பக்கமும் ஒன்றரை அங்குலம் விட்டுத் தையுங்கள். உடம்பு ஏறினால் பிரித்துவிடலாம். ரெடிமேடில் அந்த இடத்தில் பிரித்துவிட ஒன்றும் இருக்காது.

உள்பாவாடை நாடா விஷயம் இன்னும் முக்கியம். ஐம்பது வருஷமாக ஒரே இடத்தில் மெல்லிய நாடா இறுக்கி, இடுப்பைச் சுற்றிக் கறுத்து, தோல் தடித்துப்போன பெண்கள் நம்மில் பாதிப் பேர். அந்த இடத்தில் ஆறாத புண் வந்தால் அலட்சியம் வேண்டாம். அபூர்வமாக அது புற்றாக மாறுவதும் உண்டு. மருத்துவ இதழ்களில் அதற்குச் சேலைப் புற்றுநோய் என்றே பெயர் வைத்து எழுதியிருக்கிறார்கள். கடையில் விற்கிற பாவாடையில் எல்லாம் அந்த ஒல்லி நாடாதான். வீட்டில் தைத்தால் மூன்று அங்குல அகலத்துக்கு மேல்பட்டி வைத்து, பக்கவாட்டில் இரண்டு பெரிய ஹூக் போதும், நாடாவே வேண்டாம். கால் தடுக்காமல் இருக்க, கீழ் ஓரத்தைக் கணுக்காலுக்கு இரண்டு அங்குலம் மேலேயே நிறுத்துங்கள். வலது பக்கம் ஒரு பை வையுங்கள், செல்போனும் மாத்திரையும் வைக்க. ஆண்கள் சட்டைக்குப் பை இல்லாமல் ஒரு நாள் வெளியே போவார்களா?

இதற்கெல்லாம் மறுப்பு வராமல் இருக்காது. "ஆன்லைன்ல 250 ரூபாய்க்கு ரெடிமேட் ப்ளவுஸ் வருதே அத்தை" என்கிறாள் என் அண்ணன் பெண். வருகிறது. அது ஒரு சேலைக்குத்தான் சேர்கிறது, மூன்று சலவைக்கு மேல் நிற்பதில்லை. அந்த அளவும் யாருடைய அளவோ!

எல்லோரும் தைத்துக்கொண்டால் டெய்லர் பிழைப்பு என்ன ஆவது என்று கேட்கிறார்கள். பழைய கேள்வி. திமோனியே என்ற பிரெஞ்சுக்காரத் தையற்காரர் 1830-ல் தையல் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கி, பாரிஸில் ராணுவ உடை தைக்கப் பட்டறை போட்டார். மெஷின் வந்தால் வயிறு காயும் என்று மற்ற தையற்காரர்கள் கூட்டமாக நுழைந்து அத்தனையையும் உடைத்துப் போட்டார்கள். பாவம், அவர் 1857-ல் ஏழையாகவே செத்தார். மெஷின் நின்றது, தையற்காரர்களும் நின்றார்கள். இயந்திரங்களைக் கண்டால் ஆகாத காந்தியே 1924-ல் சிங்கர் தையல் மெஷினுக்கு விலக்குக் கொடுத்தார். நம் தெரு டெய்லரின் பிழைப்பைக் கெடுப்பது மலைமலையாக வந்து இறங்குகிற ரெடிமேட். நான் தைத்ததற்கும் ஓவர்லாக் போடவும் காஜா எடுக்கவும் அவரிடம்தானே போகிறேன்?

அரசாங்கத்தின் மீதும் எனக்கு ஒரு குறை உண்டு, முன்னாள் ஊழியர் என்பதால் சொல்ல உரிமையும் உண்டு. சத்தியவாணி முத்து அம்மையார் பெயரால் ஆதரவற்ற பெண்களுக்கு இலவசத் தையல் மெஷின் கொடுக்கிறார்கள். சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு வருஷம் நாலு செட் சீருடை, மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் தைத்துத் தருகின்றன. நல்ல திட்டங்கள், ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். இந்தப் பக்கம், தாம்பரம் சானடோரியத்தில் 1984 முதல் மெப்ஸ் இருக்கிறது. அங்கே ஏற்றுமதி உடை தைக்கிற பெண்கள் காலையில் கூட்டம் கூட்டமாக உள்ளே போவதை ஜி.எஸ்.டி. ரோட்டில் நின்றால் பார்க்கலாம். அந்த மாதிரி வேலையில் ஒருத்தி காலர் மட்டும், இன்னொருத்தி கைப்பட்டி மட்டும் நாள் முழுக்கத் தைப்பாள். ஆக, தையல் என்றால் கூலி என்றே ஆகிவிட்டது. தனக்கு ஒரு முழு உடுப்பை அளந்து, வெட்டி, தைத்துப் போட்டுக்கொள்ளும் கலையாக அதைப் பள்ளியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சேர்த்துச் சொல்லித் தந்தால் என்ன குறைந்துவிடும்?

நவராத்திரி வெற்றிலை பாக்கோடு ஊரைச் சுற்றுகிற ரவிக்கைத் துண்டு பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாலியெஸ்டர், 70 சென்டிமீட்டர், யாருக்கும் பத்தாது. எந்த மகராசியும் தைக்காமல் அடுத்த வீட்டுக்கு அனுப்புகிறாள். நான் கொடுத்த ஊதாத் துண்டு ஒன்று இரண்டு வருஷம் கழித்து, செம்பாக்கம் வரை போய்விட்டு, மடிப்புக் கலையாமல் எனக்கே திரும்பி வந்தது. அந்தக் காசுக்கு இரண்டு பேருக்குக் குறைத்து, மற்றவர்களுக்கு அரக்கிலோ சந்தனத்திலோ ஒரு மீட்டர் ரூபியாவாகக் கொடுங்களேன். வாங்கினவள் தைப்பாள்.

கடைசியாகக் கண் தெரியவில்லை என்கிற சாக்கு. எனக்கும் கண்புரை எடுத்தாயிற்று. கறுப்புத் துணியில் கறுப்பு நூலைப் பகல் பதினொன்றிலிருந்து ஒரு மணிக்குள் மட்டும் தொடுவேன், ஜன்னல் ஓரத்தில். கை ஊசிக்கு, மாடி வீட்டுப் பையன் ஞாயிற்றுக்கிழமை காலை வந்து பத்து ஊசியில் பத்து நூல் கோர்த்துக் குஷனில் குத்திவைத்துவிட்டுப் போவான். கூலி, இரண்டு கடலை மிட்டாய். அவனுக்கு இப்போது பாபின் சுற்றவும் தெரியும்.