ஓர் எழுத்துத்தானே!



ஹற்றனிலிருந்து நுவரெலியாவுக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். கொட்டகலையில் ஒரு தங்கச்சி ஏறினாள். ஏழு மாதக் கர்ப்பிணி. கையில் கிளினிக் கொப்பி. ஒதுக்கப்பட்ட இருக்கையைக் காட்டி, "உட்காரு புள்ள" என்றேன். அவள் மேலே பார்த்துவிட்டு, "இது எனக்கு இல்லீங்கக்கா" என்றாள்.

நிமிர்ந்து பார்த்தேன். 'கர்ப்பிணி நாய்மார்களுக்கு' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது! 'தா' இருக்க வேண்டிய இடத்தில் 'நா'. நம் நாட்டு பஸ்களில் முன்பும் பலர் கண்டு சிரித்த பிழைதான் இது.

எனக்குக் கோபம் வந்தது. நடத்துனரைக் கூப்பிட்டேன். "ஒயாகே பஸ்ஸில் பல்லா என்று எழுதியிருக்கு" என்று சிங்களத்தில் சொல்ல வேண்டும். பதற்றத்தில் 'கே' விழுந்துவிட்டது. விரலை நீட்டி, "ஒயா... பல்லா!" என்றேன். அதாவது, 'நீ... நாய்!'

பஸ்ஸே அமைதியானது. அவர் முகம் சிவந்தது. நல்லவேளை, சிங்களம் தெரிந்த ஒரு பெரியம்மா விளக்கினார். முதலில் சிரித்தவர் நடத்துனர்தான். பிறகு எல்லோரும் சிரித்தோம். அவரே பேனையைத் தந்து திருத்தச் சொன்னார். தலவாக்கலை வருவதற்குள் நாய்மார் தாய்மாரானார்கள். தங்கச்சியும் உட்கார்ந்தாள்.

அவர்கள் விட்டதும் ஓர் எழுத்து, நான் விட்டதும் ஓர் எழுத்து. பஸ்ஸில் அது சிரிப்போடு முடிந்தது. ஆனால் பத்திரங்களில் அப்படி முடிவதில்லை. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர் என்று அலையும் பெண்கள் எங்கள் லயங்களிலும் உண்டு, வன்னியிலும் உண்டு. கணவரின் மரணச் சான்றிதழோ, 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி கிடைக்கும் காணக்கிடைக்காமைச் சான்றிதழோ, பெயரில் எழுத்து மாறினால் அலைச்சல் உங்களுக்குத்தான்.

1987இலிருந்து தமிழும் அரசகரும மொழி. ஆகவே விளங்காத மொழியில் எழுதியதில் கையொப்பமிடாதீர்கள். "தமிழில் தாருங்கள்" என்று கேளுங்கள். கிடைக்காவிட்டால், 1991ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்ட அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். சான்றிதழைப் பெற்ற அன்றே பெயர், திகதி, ஊர் ஆகியவற்றை எழுத்தெழுத்தாக வாசியுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் படிக்கும் பிள்ளையிடம் கொடுங்கள். பிழையிருந்தால் பிரதேச செயலகத்திலுள்ள பதிவாளர் பிரிவில் உடனே சொல்லுங்கள்.

கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். ஒரு பஸ் நிறைய ஆட்களுக்கு முன்னால் நடத்துனரை நாயென்று சொன்ன நானே இன்னும் தலைநிமிர்ந்துதான் அந்த வழியில் போகிறேன்!