ஆதார் நகல் போதுமா?

படுத்த படுக்கையாகிவிட்ட அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை. பிள்ளைகள் வேறு ஊரில். ஏஜென்சிக்கு போன் போகிறது. மறுநாள் காலையில் ஒருவர் பையோடு வாசலில் நிற்கிறார். ஆதார் நகல் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, வாசல் சாவி முதல் மாத்திரை டப்பா வரை அவரிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். நம் நகரங்களில் இது அன்றாடக் காட்சி.

ஆதார், ஆள் யார் என்று சொல்லும். இதற்குமுன் வேலை பார்த்த வீட்டில் என்ன நடந்தது என்று சொல்லாது.

அலட்சியமான சரிபார்ப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இங்கிலாந்து 2002இல் பார்த்தது. சோஹம் என்ற சிற்றூரில் 10 வயதுச் சிறுமிகள் இருவரைக் கொன்ற இயன் ஹன்ட்லி, அவ்வூர்ப் பள்ளி ஒன்றின் கட்டடப் பராமரிப்பாளர். அவர்மீது முன்பு வேறொரு மாவட்டத்தில் பாலியல் புகார்கள் பல எழுந்திருந்தன. எதிலும் தண்டனை இல்லை. அங்கிருந்த போலீஸ் அந்தத் தகவல்களை ஒழுங்காகப் பேணவில்லை. அவருக்கு நிக்சன் என்ற இன்னொரு குடும்பப் பெயரும் உண்டு. வேலையில் சேர்ந்தபோது அந்த ஒரு பெயரை மட்டுமே கணினியில் தேடினார்கள். 2004இல் வெளியான பிச்சர்ட் விசாரணை அறிக்கை இந்த ஓட்டைகளையெல்லாம் அம்பலப்படுத்தியது. குழந்தைகள், முதியோர் அருகே பணியாற்றக் கூடாதவர்களின் தடைப்பட்டியலுக்கு 2006இல் புதுச் சட்டம் வந்தது. அந்தப் பட்டியலில் இருப்பவரைத் தெரிந்தே வேலைக்கு வைப்பது அங்கே குற்றம்.

இந்தியாவில் பாதி வேலை முடிந்திருக்கிறது. 2020இல் வந்த போக்சோ விதிகளின்படி பள்ளி, குழந்தைகள் காப்பகம், விளையாட்டுப் பயிற்சி மையம் ஆகியவை தங்கள் ஊழியர்களைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் போலீஸ் சரிபார்ப்புக்கு உட்படுத்த வேண்டும். பாலியல் குற்றவாளிகளுக்கான தேசியத் தரவுத்தளம் 2018 முதல் இருக்கிறது. ஆனால் அது போலீஸ் கையில்தான். பெற்றோரோ பள்ளியோ பார்க்க முடியாது.

முதியோர் நிலை இன்னும் மோசம். வீட்டுக்கு ஆள் அனுப்பும் நிறுவனங்கள் பதிவு செய்யப்பட வேண்டும், பராமரிப்பாளர்கள் போலீஸால் சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும் என்று சொன்ன, முதியோர் பராமரிப்புச் சட்டத்துக்கான திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவைக்கு வந்தது. சட்டமாகாமலே போனது.

பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வரும் ஏழைப் பெண்களைப் போலீஸ் சரிபார்ப்பு குற்றவாளிகளைப் போல நிறுத்தாதா என்ற கேள்வி நியாயமானது. நம் ஊரில் சாலை மறியலில் உட்கார்ந்தாலே வழக்கு விழும். ஆகவே எந்தக் குற்றம் தடையாகும் என்பதைச் சட்டமே வரையறுக்க வேண்டும். தவறான பதிவை மறுக்க வழி வேண்டும். சரிபார்ப்புச் செலவு ஏஜென்சியுடையதாக இருக்க வேண்டும். தொழிலாளியின் சம்பளத்தில் கைவைக்கக் கூடாது.

நாடாளுமன்றம் அந்த மசோதாவை இந்தப் பாதுகாப்புகளோடு மீண்டும் எடுக்கட்டும். அதுவரை ஆள் வைக்கும் குடும்பங்கள் ஏஜென்சியிடம் போலீஸ் சரிபார்ப்புச் சான்றைக் கேட்டு வாங்க வேண்டும். வரும் ஆள் முன்பு வேலை பார்த்த வீட்டுக்கும் ஒரு போன் போட வேண்டும்.