கடலுக்கே பாதை போட்டவர்கள் லயத்துக்கு ஏன் போடவில்லை?



நயினாதீவு நாகபூசணி அம்மனைக் கும்பிடப் போன வழியில், காரைநகரிலிருந்து ஊர்காவற்றுறைக்குக் கடலைக் கடந்தேன். அங்கே பாலம் இல்லை. ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு ஒரு மிதவை போய் வருகிறது. தீவக மக்கள் அதைப் 'பாதை' என்றே சொல்கிறார்கள். நடத்துவது வீதி அபிவிருத்தி அதிகார சபை. ரோடு தண்ணீரில் முடிந்தாலும் அரசாங்கத்தின் பொறுப்பு முடியவில்லை. நல்லது, அப்படித்தான் இருக்க வேண்டும்.

நமது மலையில் நடந்தது என்ன? 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலையைச் சரித்தது. பெரிய ரோடுகளில் விழுந்த மண்ணையும் பாறையையும் வீதித் தொழிலாளர்கள் ஆபத்துக்கு நடுவே அள்ளினார்கள். அவர்களும் நம்மைப் போல உழைக்கிறவர்கள். அவர்களுக்கு நன்றி. அவர்களோடு நமக்கு வழக்கில்லை.

வழக்கு, அவர்களைப் பெரிய ரோட்டோடு நிறுத்தியவர்களோடுதான். எங்கள் டிவிசனுக்கு ஏறும் ரோட்டைத் திறந்தது யார்? நாம்தான். ஆணும் பெண்ணும் மம்பட்டியோடு இறங்கினோம். பிள்ளைத்தாய்ச்சியைக் கம்பளியில் வைத்துத் தூக்கிப் போனோம். அந்த நாட்களுக்குப் பேர் விழுந்ததா? அரைப்பேர்கூட இல்லை. ரோடு திறந்ததும் முதலில் ஓடியது கொழுந்து லொறி!

இதற்குச் 'சிரமதானம்' என்று பெயர் வைக்கிறார்கள். மனமுவந்து கொடுத்தால்தான் தானம். வேறு வழியில்லாமல் வெட்டினது கூலியில்லா வேலை.

பிரதேச சபையைக் கேட்டால் "அது தோட்டத்து ரோடு" என்கிறது. தோட்டத்தைக் கேட்டால் "காசில்லை" என்கிறது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு முன்பு தடையாக இருந்தது உண்மை. 2018இல் அது திருத்தப்பட்டுவிட்டது. செத்துப்போன சாக்கை இன்னும் எத்தனை காலம் சுமப்பார்கள்?

நாம் கேட்பது மூன்று:

1. தோட்ட ரோடுகளைப் பிரதேச சபை பொறுப்பேற்க வேண்டும்.
2. மண் அள்ளிய ஒவ்வொரு நாளுக்கும் முழுப்பேர் போட வேண்டும்.
3. அடுத்த பெருமழைக்கு முன் கான்களும் மதகுகளும் திருத்தப்பட வேண்டும்.

யார், எந்த நாள், எந்த இடத்தில் வேலை செய்தீர்கள் என்று எழுதி மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். எழுத முடியாதவர்கள் வாயால் சொல்லுங்கள்; என் வகுப்புப் பிள்ளைகள் எழுதித் தருவார்கள். அந்த ரோட்டில் நடந்துதான் அவர்களும் பள்ளிக்கூடம் வருகிறார்கள்.

— தோட்டப் பாடசாலை ஆசிரியர், சங்க அமைப்பாளர்